மண்ணெண்ணெயில் கழுவிய குழாய்கள்

சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜஸ்ரின் காரை விட்டு இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முன்னால் போய்ப் பொனற்றைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு இரும்புத் தட்டை அழுத்தினார். அதற்குப் பிறகுதான் கார் ஒருமுறை குலுங்கி நின்றது.

“பாத்தியே கதிரவேலு,” என்றார் பின் சீற்றில் இருந்த பஞ்சலிங்கம் ஐயா. “ஓட்டுறதுக்கு ஒரு ஆள், நிப்பாட்டிறதுக்கு ஒரு ஆள் வேணும். நல்லகாலம், ரெண்டும் உவன் ஒருத்தனே செய்யிறான்.”

அப்பா சிரித்தார். ஜஸ்ரின் சிரிக்கவில்லை. பொனற்றை மெதுவாக மூடினார்.

எங்கள் கராஜ் கரவெட்டியில், நெல்லியடிக்குப் போகும் வீதியில் இருக்கிறது. அப்பாதான் கதிரவேலு. நான் அவருடைய மகள், பதினாறு வயதிலிருந்து அவரோடு வேலை செய்கிறேன். இப்போது இருபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. கராஜில் குரல் தேவைப்படவில்லை. டாஷ்போர்ட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்ய அப்பாவின் தோள் பெரிது. என்னுடையது அளவாக இருந்தது. நான் அங்கே படுத்திருக்கும்போது வெளியே என் கால்கள் மட்டும் தெரியும். கால்களோடு யாரும் கதைப்பதில்லை.

பஞ்சலிங்கம் ஐயாவின் கார் ஒரு பழைய ஜேர்மன் டீசல் கார். அவருடைய தம்பி கனடாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஐயாவின் மனைவி சிவக்கொழுந்து அம்மாவை அதில் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அவரால் வெக்கை தாங்க முடியாது. ஏசிக் காற்று முகத்தில் படாவிட்டால் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி வாந்தி எடுப்பார். ஓட்டுகிற ஜஸ்ரின் குருநகர் ஆள். முன்பு கடலுக்குப் போனவர். படகைக் கரையில் ஏற்றும்போது முதுகில் அடிபட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக இந்தக் கார்தான் அவருடைய தொழில்.

அன்று திங்கட்கிழமை. காரில் இரண்டு குறை இருந்தது. சாவியைக் கழற்றினாலும் எஞ்சின் நிற்பதில்லை. ஏசிக் காற்று, எந்தப் பொத்தானை அழுத்தினாலும், முன் கண்ணாடிக்கு மட்டும்தான் போகிறது.

இரண்டும் ஒரே குறைதான். இந்தக் காரில் எஞ்சினோடு ஒரு சின்னப் பம்ப் இருக்கிறது. அது காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் பென்சிலை விட மெல்லிய குழாய்கள் வழியாகக் கார் முழுவதும் போகும். சாவியைத் திருப்பியதும் டீசலை அடைப்பது அந்த உறிஞ்சல்தான். டாஷ்போர்ட்டுக்குள் காற்றை முகத்துக்கும் காலுக்கும் கண்ணாடிக்கும் திருப்பிவிடுகிற மடல்களை இழுப்பதும் அதுதான். ஒவ்வொரு மடலுக்கும் பக்கத்தில் செருப்புப் பொலிஷ் தகரத்தின் அளவில் ஒரு சிமிழ். சிமிழுக்குள் றப்பரால் ஆன ஒரு தோல். தோல் இழுபட்டால் மடல் திறக்கும். தோல் கிழிந்தால் அந்த ஓட்டையால் எல்லா உறிஞ்சலும் போய்விடும். மடல்கள் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கிடக்கும், எஞ்சினும் நிற்காது.

நான் உள்ளே புகுந்து ஒரு குழாயின் முனையைக் கழற்றினேன். கறுப்பாக ஒரு துளி ஓயில் என் கன்னத்தில் விழுந்தது.

“என்ன பிள்ளை?” என்று அப்பா கேட்டார்.

“ஓயில்,” என்றேன்.

“குழாயுக்குள்ளை ஓயில் நிக்குதாம் ஐயா,” என்று அப்பா வெளியே சொன்னார்.

“நிக்கும்!” என்றார் பஞ்சலிங்கம் ஐயா. “நிக்காமல் என்ன செய்யும்? தை மாதம் உவன்தானே ஓயில் விட்டவன். குறிக்கு மேலாலை விட்டிருப்பான். அது போறதுக்கு வழியில்லாமல் கண்ட கண்ட குழாயுக்குள்ளை எல்லாம் ஏறியிருக்குது.”

“நான் குறிக்கு மேலை விடேல்லை ஐயா.”

“நீ பாத்தனியோ?”

“ஓயில் குச்சியை இழுத்துப் பாத்துத்தான் விட்டனான்.”

“போட் எஞ்சினுக்கு ஊத்திற மாதிரி ஊத்தியிருப்பாய். கடல் இல்லை இது, வழிஞ்சால் அள்ளி இறைக்கிறதுக்கு.” பிறகு அப்பாவிடம் சொன்னார்: “எங்கடை அக்காவின்ரை மகன் கஜானன் கட்டாரிலை இருந்து வந்து சும்மாதான் நிக்கிறான். அங்கை டிரைவராத்தான் இருந்தவன். திருத்தித் தா, இந்த வியாழக்கிழமையிலை இருந்து அவன் ஓடட்டும். ஓயில் விட்டது உவன்தானோ இல்லையோ எண்டு நீயே சொல்லு.”

அப்பா ஒரு ஸ்பனரைப் பெட்டிக்குள் போடும் சத்தம் கேட்டது.

“அப்பிடியும் இருக்கலாம்,” என்றார்.

நான் முதல் சிமிழைக் கழற்றினேன். மூடியைத் திறந்ததும் மணத்தது. ஓயிலின் மணம் இல்லை. மண்ணெண்ணெய்.

தோல் ஊறிப் பருத்திருந்தது. நீரில் கிடந்த அப்பளம் போல ஓரங்கள் சுருண்டு, நடுவில் கிழிந்திருந்தது. அடுத்ததும் அப்படி. மூன்றாவதும் நான்காவதும் கிழியவில்லை, ஆனால் பருத்திருந்தன. ஐந்தாவது சிமிழ் ஆக உள்ளே, ஹீற்றர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அதன் தோல் மட்டும் காய்ந்து, மெல்லியதாக, நன்றாக இருந்தது.

அது ஏன் நன்றாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். போன முறை அதுவரை என் கை எட்டவில்லை.

மார்கழி மாதம் இந்தக் கார் ஒருமுறை வந்தது. பம்பின் உள்ளே இருந்த தடுப்பு தேய்ந்து, ஓயில் கொஞ்சம் குழாய்களுக்குள் கசிந்திருந்தது. நாற்பது வருடக் காருக்கு அது வருகிற வியாதிதான். யாருடைய பிழையும் இல்லை. அப்பா பம்பைத் திருத்திப் பூட்டினார். குழாய்களைக் கழுவும்படி எனக்குச் சொல்லிவிட்டு, கிளிநொச்சியில் ஒரு செத்தவீட்டுக்குப் போனார். நான் ஒரு சிரிஞ்சில் சேலைன் குழாய்த் துண்டைச் செருகி, கை எட்டிய ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மண்ணெண்ணெய் அடித்தேன். மறுமுனையில் சிமிழ்கள் பூட்டியபடியே இருந்தன. பிறகு காற்றடித்தேன். கார் நன்றாக ஓடியது. சிமிழுக்குள் மிஞ்சிய மண்ணெண்ணெய் இரண்டு மாதம் அங்கேயே இருந்தது.

எங்கள் கராஜில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில்தான் கழுவுவோம். பெயரிங், செயின், ஸ்பனர், கடைசியில் கையையும். சண்டைக் காலத்தில் பெற்றோல் வராதபோது அப்பா நாலு துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, மீதித் தூரம் மண்ணெண்ணெயில் கார் ஓட விட்டவர். மண்ணெண்ணெய் எதையும் கெடுக்காது என்பது அவருடைய முடிவு. இரும்பைக் கெடுக்காது என்பது உண்மை.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு நான்கு தோல்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அப்பா ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

“கழுவேக்கை சிமிழைக் கழட்டேல்லையோ?”

“இல்லை.”

அவர் தோலை மேசையில் போட்டார். “கொழும்பிலை பஞ்சிகாவத்தைச் சாமான்கடைக்கு ரெலிபோன் எடுக்கிறன். புதுசு அனுப்புவாங்கள். போட்டுக் குடுப்பம்.”

“ஜஸ்ரின் அண்ணை?”

“அது அவையின்ரை வீட்டுப் பிரச்சினை.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “இப்பவே வாறவன் எல்லாம், பெட்டையோ பாக்கிறாள் எண்டு ஒருமாதிரிக் கேட்டுப்போட்டுத்தான் சாவியைத் தாறான். பெட்டை கழுவிக் கார் பழுதாப் போச்செண்டு உந்த ஆள் நெல்லியடிச் சந்தி முழுக்கச் சொல்லும். பிறகு நீ ஆரின்ரை காருக்குக் கீழை படுக்கப் போறாய்? வாயைத் திறவாதை.”

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பழகிய வேலை. அதைச் செய்யும்படி யாரும் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலையில் நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் மூன்று போத்தல் ஸ்பிரிட் வாங்கினேன். ஊசி போடுமுன் கையில் பூசுகிற ஸ்பிரிட். கடைக்காரர் யாருக்குக் காயம் என்று கேட்டார். காருக்கு என்று சொல்ல வந்து, சொல்லாமல் வந்துவிட்டேன். ஸ்பிரிட் றப்பரை ஊறவைக்காது, காற்றில் காய்ந்துவிடும். இந்த முறை எல்லாச் சிமிழ்களையும் கழற்றி, ஒவ்வொரு குழாயின் இரண்டு முனைகளையும் விடுவித்து, ஒரு முனையில் அடித்து மறுமுனையில் வெள்ளைத் துணி பிடித்தேன். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு தேயிலைச் சாயம் போல. ஏழாவது தடவை துணி வெள்ளையாகவே இருந்தது. மென்மையாகிப் போன மூன்று குழாய்களை வெட்டி எறிந்தேன். பம்பிலிருந்து வருகிற குழாயை வாயில் வைத்து ஊதியும் உறிஞ்சியும் பார்த்தேன். அதன் வால்வு ஒரு பக்கம் விட்டது, மறுபக்கம் விடவில்லை. அது சரி. அப்பா திருத்திய பம்பிலிருந்து புதிதாக ஒரு சொட்டும் வரவில்லை. குழாயில் நின்றது நான் முழுவதும் எடுக்காமல் விட்ட மார்கழி மாதத்து ஓயில்.

ஜஸ்ரின் பத்து மணிக்கு வந்தார். வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கதவுப் பக்கம் ஒரு பலகையில் இருந்துகொண்டு எனக்கு ரோச் லைற் பிடித்தார்.

“தங்கச்சி, அந்த ஓயில் மேலாலை போறதெண்டால் எவ்வளவு விட்டிருக்க வேணும்?” என்று கேட்டார்.

நான் ஒரு குறட்டைத் தேடினேன்.

“அண்டைக்கு மழை இருட்டு. குச்சியைத் துடைச்சுப்போட்டுத்தான் பாத்தனான். ஆனால் ரெண்டாந்தரம் பாத்தனோ எண்டு இப்ப நினைச்சால் ஞாபகம் வருகுதில்லை.” லைற் வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. “மரியநாயகி சொல்லுறா, போய் ஐயாவிட்டை மன்னிப்புக் கேள் எண்டு. செய்யாததுக்கு ஏனப்பா எண்டு கேட்டன். செய்யேல்லை எண்டு உமக்கு வடிவாத் தெரியுமோ எண்டு கேக்கிறா. மனுசியே அப்பிடிக் கேட்டால் பிறகு என்ன?”

மரியநாயகி அவருடைய மனைவி.

“நாளைக்கு ஐயா வரேக்கை, நான்தான் கூட விட்டனான் எண்டு சொல்லப்போறன்,” என்றார். “ஒத்துக்கொண்டால் விட்டிடுவார். ரோசக்காரன்தான், ஆனால் காலிலை விழுந்தவனை உதைக்கிற ஆள் இல்லை. கடலுக்கும் போகேலாது, வேறை எங்கை போறது?”

“லைற்றை மேலை பிடியுங்கோ அண்ணை,” என்றேன்.

அவர் மேலே பிடித்தார்.

அன்று மாலை, மார்கழியில் கை எட்டாத அந்த ஐந்தாவது சிமிழின் நல்ல தோலைக் கழற்றிக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். ஐந்துக்கும் புதியது வருவதால் அது மிச்சம்தான். இரண்டு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்தேன். ஒன்றில் எஞ்சின் ஓயில் விட்டேன், மற்றதில் மண்ணெண்ணெய். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாதியைப் போட்டு மூடி, காரின் முன் சீற்றுக்குக் கீழே வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது எனக்கு முழுவதும் தெளிவில்லை. சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஓயில்தான் கெடுத்தது என்றால் நான் பேசாமல் இருக்கலாம்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் பார்சல் வந்தது. ஐந்து தோல்களையும் போட்டு, சிமிழ்களைப் பூட்டி, குழாய்களைச் செருகினேன். கைப்பம்பால் ஒவ்வொரு வழியையும் உறிஞ்சிப் பார்த்தேன். அதிலிருந்த மீற்றர் முள் ஏறிய இடத்தில் அப்படியே நின்றது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையவில்லை. பிறகு சீற்றுக்கு அடியிலிருந்து போத்தல்களை எடுத்தேன். ஓயிலில் கிடந்த பாதி அநேகமாகப் போட்ட மாதிரியே இருந்தது. மண்ணெண்ணெயில் கிடந்த பாதி அதைவிட ஒன்றரை மடங்கு பெருத்து, போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டு வளைந்திருந்தது. இரண்டும் ஒரே தோல் என்று பார்க்கிறவர் நம்பமாட்டார்.

பதினொரு மணிக்குப் பஞ்சலிங்கம் ஐயா ஓட்டோவில் வந்தார். சிவக்கொழுந்து அம்மாவும் கூட வந்திருந்தார். தலையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். ஜஸ்ரின் முன்னமே வந்து கேற்றடியில் நின்றார். நான் டாஷ்போர்ட்டின் கடைசி மூடியைப் பூட்டிக்கொண்டு அடியில் கிடந்தேன். போத்தல்கள் என் பக்கத்தில் இருந்தன.

அப்பா எஞ்சினைத் தொடக்கினார். டாஷ்போர்ட்டின் நடுவிலிருந்த காற்று வாயால் குளிர்காற்று வந்தது. பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றது. கராஜ் திடீரென்று அமைதியானது.

“நிண்டிட்டுது!” என்றார் பஞ்சலிங்கம் ஐயா. “இனி ஆஸ்பத்திரி வாசலிலை சனம் என்னைப் பாத்துச் சிரிக்காது.”

“சிரிச்சதே?” என்றார் சிவக்கொழுந்து அம்மா. “அங்கை வாறவைக்குச் சிரிக்கிறதுக்கு வேறை என்ன கிடக்கு? நல்லாச் சிரிக்கட்டும்.”

“நீர் சும்மா இரும். ஜஸ்ரின், இஞ்சை வா. நாளைக்குக் கஜானன் ஓடுவான். நீ...”

“ஐயா, ஒரு கதை சொல்ல வேணும்,” என்றார் ஜஸ்ரின். “அந்த ஓயில்... நான்தான்...”

நான் வெளியே வந்தேன். காலால் தரையை உந்தி வந்ததால் சட்டை முதுகில் சுருண்டுவிட்டது. அதை இழுத்துவிட ஒரு கை தேவைப்பட்டது. இரண்டு கையிலும் போத்தல் இருந்தது. அப்படியே எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தலையை மிகக் கொஞ்சமாக ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

போத்தல்களைப் பொனற்றின் மேல் வைத்தேன்.

“இது ஓயில்,” என்றேன். “இது மண்ணெண்ணெய். ரெண்டிலையும் ஒரே தோல்தான். நேற்றுப் பின்னேரம் போட்டது.”

குரல் வந்தது. சின்னதாக வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கேட்டிருக்காது.

பஞ்சலிங்கம் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். “உதுக்கு என்ன?”

“உங்கடை காரிலை இருந்து கழட்டின நாலு தோலும் இந்த மாதிரித்தான் இருந்தது.” மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தொட்டேன். “ஓயிலாலை இல்லை. மார்கழியிலை குழாயை மண்ணெண்ணெயிலை கழுவினது நான். சிமிழைக் கழட்டாமல் கழுவினனான். ஜஸ்ரின் அண்ணை விட்ட ஓயில் அந்தக் குழாயுக்குப் போகாது. போறதுக்கு வழியே இல்லை. அதிலை நிண்டது மார்கழியிலை பம்பாலை கசிஞ்சது.”

பொனற்றின் மேல் ஒரு கீறல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உவள் கழுவினவளோ?” என்று ஐயா அப்பாவிடம் கேட்டார்.

“என்ரை கராஜிலை எல்லாத்தையும் மண்ணெண்ணெயிலைதான் கழுவுறது,” என்றார் அப்பா. குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. “அது நான் வைச்ச பழக்கம். அவள் வேறை எதாலை கழுவுவாள்?”

“அப்ப திங்கட்கிழமை கேக்கேக்கை, அப்பிடியும் இருக்கலாம் எண்டு சொன்னாய்?”

அப்பா கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

“நல்ல அப்பனும் மகளும்,” என்றார் பஞ்சலிங்கம் ஐயா. “ஒண்டு வாயைத் திறவாது. மற்றது திறந்தால் பொய்.”

ஜஸ்ரின் போத்தல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். “அப்ப நான் ரெண்டாந்தரமும் குச்சியைப் பாத்திருக்கிறன்,” என்று தனக்குத்தானே சொன்னார்.

சிவக்கொழுந்து அம்மா காரின் பின் கதவைத் திறந்து ஏறி இருந்தார். “எனக்கு நிக்கேலாது. எவன் ஓடுறதெண்டாலும் சொல்லுங்கோ. கஜானன் ஓடுறதெண்டால் அவனுக்கு வாந்திப் பையைப் பிடிக்கத் தெரியுமோ எண்டும் கேட்டுச் சொல்லுங்கோ. மூண்டு வருசமாப் பிடிச்சவன் இந்தா நிக்கிறான்.”

பஞ்சலிங்கம் ஐயா சாவியை அப்பாவின் கையிலிருந்து வாங்கினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் அதைப் பொனற்றின் மேல் வைத்துவிட்டுப் பின் சீற்றில் ஏறினார். ஜஸ்ரினிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஜஸ்ரின் சாவியை எடுத்துக்கொண்டார்.

கார் போன பிறகு அப்பா என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம் மண்ணெண்ணெய் வாளியைக் காலால் தள்ளி, டாஷ்போர்ட் வேலைச் சாமான்கள் இருக்கும் மேசைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். ஸ்பிரிட் போத்தலில் மிச்சம் இருந்ததை மூடி இறுக்கி அந்த மேசையில் வைத்தார்.

ஐயா சந்தியில் சொல்லிவிட்டார். அந்த வாரம் வருவதாக இருந்த ஒரு வான் வரவில்லை. இன்னொருவர் வந்து, பெட்டை தொடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றியும் அவர் என்னிடம் கதைக்கவில்லை.

அதற்கெல்லாம் முன், அடுத்த நாள் வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் கராஜின் முன்பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஐயாவின் கார் வந்தது. ஓட்டுகிற இடத்தில் ஜஸ்ரின் இருந்தார். பின்னால் சிவக்கொழுந்து அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். ஏசிக் காற்றில் அவருடைய சேலைத் தலைப்பு மெல்ல அசைந்தது.

எதிர்ப்பக்கக் கடைக்கு முன்னால் ஜஸ்ரின் காரை நிறுத்தினார். கடை இன்னும் திறக்கவில்லை. சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. அவர் இறங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. கண்ணாடியால் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி தொடக்கிக்கொண்டு தெல்லிப்பழைப் பக்கம் போனார்.